மில் பூனைக்கு ஈறு வெளுத்துப்போச்சு, ஸ்லைடில் கிருமி இல்லை என்கிறார்கள். பி.சி.ஆர். எடுக்கணுமா?

நீடாமங்கலம்_மில்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ரைஸ் மில்லில் வளரும் கடுவன் பூனை பற்றிக் கேட்க வேண்டும். பெயர் செவலை. நாலு வயசுக்கு மேல் இருக்கும். குறுவை நெல் வரத்து ஆரம்பித்துவிட்டால் மில்லில் எலிக்குப் பஞ்சமே கிடையாது, ராத்திரி முழுக்க மூட்டை அடுக்கின் மேலேயே இருப்பான். ஊர்க் கடுவன்களோடு சண்டை வேறு. காதோரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு காயம் ஆறிக்கொண்டே இருக்கும்.

இப்போது மூட்டை மேல் ஏறுவதே இல்லை. பாய்லர் ஓரத்தில் படுத்துக்கொண்டு, கொட்டிக் கிடக்கும் உமிச் சாம்பலை நக்குகிறான். சிமெண்டுத் தரையையும் விடுவதில்லை. வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது, காதின் உள்பக்கம் லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. காய்ச்சல் 104 டிகிரி. உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி.

பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினோம். ரத்தத்தை ஸ்லைடில் தடவிப் பார்த்துவிட்டு "ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை" என்றார்கள். எண்ணிக்கை பார்க்க மனுஷங்க லேபுக்குத்தான் அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 5.1, தட்டணு (பிளேட்லெட்) 38,000 என்று வந்தது. தட்டணுவைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் டெங்கு மாதிரி ஏதோ ஒன்று என்று பயந்துவிட்டார்கள். மருத்துவர் நாளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாம் என்கிறார். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்டுக்கும் அனுப்பினால் நல்லது, ஆனால் செலவாகும், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். கிருமி இல்லை என்று சொன்ன பிறகு அந்த டெஸ்ட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வலங்கைமான்_வயல்

அண்ணே, மஞ்சள் தட்டியிருக்கு என்றால் காமாலைதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மூணு வேளை கொடுங்கள். காய்ச்சலுக்கு டோலோ கால் மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும்.

கும்பகோணம்_பூனைவீடு

டோலோ கொடுக்காதீர்கள்! கால் மாத்திரை இல்லை, அதில் ஒரு துணுக்குகூட வேண்டாம். அதில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பு நிறமாகிவிடும், முகமும் பாதமும் வீங்கும், சிவப்பணு உடையும். ஏற்கனவே ரத்தம் குறைந்த பூனைக்குக் கொடுத்தால் அதோடு முடிந்தது. காய்ச்சலில் கிடந்த குட்டிக்கு நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி, மில்லில் வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

குடமுருட்டி_கால்நடை

டோலோ பற்றி அக்கா எழுதியது முழுக்கச் சரி. கீழாநெல்லிக்கும் ஒரு வார்த்தை. கல்லீரல் கெட்டால் மட்டும் மஞ்சள் தட்டுவதில்லை. சிவப்பணுக்கள் வேகமாக உடைந்தாலும் அதிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி தேங்கி மஞ்சள் தெரியும். ஈறு வெளுப்பு, லேசான மஞ்சள், காய்ச்சல், மண்ணும் சாம்பலும் நக்குவது, தெள்ளு, சண்டை போடும் கடுவன்: இவ்வளவும் ஒரே பூனையில் சேர்ந்திருந்தால் என் முதல் சந்தேகம் ஹீமோபிளாஸ்மா. கால்நடை மருத்துவராக டெல்டாவில் வேலை செய்கிறேன். செவலையை நேரில் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஹீமோபிளாஸ்மா ஒரு பாக்டீரியா. பழைய புத்தகங்களில் ஹீமோபார்டோனெல்லா என்று இருக்கும், மரபணுவைப் பார்த்த பிறகு மைக்கோபிளாஸ்மா வகைக்கு மாற்றிவிட்டார்கள். சிவப்பணுவின் உள்ளே போகாது, மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அணுவை உடம்பே எதிரியாகப் பார்த்து மண்ணீரலில் வைத்து அழிக்கும். ரத்தம் குறைவது அப்படித்தான். இதற்குச் செல் சுவரே கிடையாது, அதனால் அமாக்ஸிசிலின் மாதிரி செல் சுவரைத் தாக்கும் மருந்துகள் எத்தனை நாள் போட்டாலும் பலிக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "கிருமி இல்லை" என்று ஸ்லைடு சொல்லவில்லை. அந்த நேரத்தில், அந்தத் துளி ரத்தத்தில், கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. இந்தக் கிருமி ரத்தத்தில் அலை அலையாக வரும். காலையில் ஏராளமான அணுக்களில் ஒட்டியிருந்தது சில மணி நேரத்திலேயே தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைந்துபோவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நோய் இருக்கும் பூனைகளிலேயே பாதிக்கு மேல் ஸ்லைடில் தவறிப்போகும். லேபில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் இது எந்த ஊடகத்திலும் வளராது. அதனால்தான் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். தேவைப்படுகிறது. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்தத் தட்டணு 38,000. அதை நம்பி பயப்படாதீர்கள். பூனையின் சிவப்பணு மனுஷனுடையதைவிடச் சின்னது, ஏறத்தாழ பாதி கொள்ளளவுதான். தட்டணுவோ பெரியது. மனித ரத்தத்துக்கு அளவு வைத்த மெஷின் ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடும். போதாக்குறைக்கு பூனை ரத்தத்தில் தட்டணுக்கள் டியூபிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் ஓரத்தில் கொத்து இருந்தால் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக வந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

எனக்கு வேண்டியது பி.சி.வி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து ஐந்து நிமிடம் சுழற்றினால், சிவப்பணு மொத்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று அளவுகோலிலேயே படித்துவிடலாம். பூனைக்கு 30 முதல் 45 வரை இருக்கலாம். குழாயின் மேல் பகுதியில் நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளாக இருந்தால் அணு உடைகிறது என்பதற்கு ஒரு தடயம். சின்ன டெஸ்ட், காசும் அதிகம் ஆகாது. சாப்பிடாமல் நீர் வற்றிய பூனையில் இந்த எண் உண்மையைவிட நன்றாகத் தெரியும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஸ்லைடு_தஞ்சை

டாக்டர் சார் சொன்னதோடு லேப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதித் தப்பு எங்கள் மேஜையில்தான் நடக்கிறது.

ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்துள்ள ஊதா மூடி டியூபில் ரத்தத்தைப் போட்டு, சாயங்காலம் ஸ்லைடு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார்கள். அந்த ரத்தத்தில் ஹீமோபிளாஸ்மா சிவப்பணுவிலிருந்து கழன்று பிளாஸ்மாவில் மிதக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அது கிருமியா சாயத் துகளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியில் எடுத்த கையோடு, பூனை மேஜையில் இருக்கும்போதே இரண்டு மூன்று ஸ்லைடு தடவிக் காய வைத்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் ஸ்லைடு தானாகக் காயாது. மெதுவாகக் காய்ந்தால் அணுவின் மேல் ஓட்டை ஓட்டையாகப் பளபளப்பு விழும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத்தான் "கிருமி நிறைய இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். ஃபேனுக்கு அடியில் வீசிக் காய வையுங்கள்.

சாயம் இன்னொரு தலைவலி. வடிகட்டாத லீஷ்மன் சாயத்தின் துகளும், அணுவுக்குள் மிச்சமிருக்கும் உட்கருவின் துண்டும் ஹீமோபிளாஸ்மா மாதிரியே நிற்கும். நான் பார்ப்பது இப்படி: ஃபோகஸை லேசாக மேலும் கீழும் திருகுவேன். பளிச்சென்று மின்னி மறைந்தால் துகள். அணுவின் விளிம்பில், ஒரே அளவில், சில இடங்களில் சின்னச் சங்கிலியாக நின்றால் அதை மருத்துவரிடம் சொல்வேன். அப்போதும் "சந்தேகத்துக்குரியது" என்றுதான் எழுதுவேன்.

இன்னொன்று. ஒரு துளி ரத்தத்தோடு சலைன் கலந்து ஸ்லைடில் பாருங்கள். சிவப்பணுக்கள் பிரியாமல் திட்டுத் திட்டாக ஒட்டியே இருந்தால் உடம்பு தன் அணுவையே தாக்குகிறது என்று பொருள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

வேதாரண்யம்_உப்பளம்

நான் மாறுபடுகிறேன். இங்கே தெருப்பூனைகளுக்குச் சோறு போடுகிறவர்கள் கையில் பி.சி.ஆருக்குப் பணம் ஏது? நாங்கள் டாக்ஸிசைக்ளின் போடுவோம். தேறினால் அதுதான் நோய். தேறாவிட்டால் வேறு பார்ப்போம். சென்னைக்கு ரத்தம் அனுப்பி, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, அதற்குள் பூனை போய்விட்டால் யாருக்கு லாபம்?

குடமுருட்டி_கால்நடை

காத்திருக்கச் சொல்லவில்லை ஐயா. ரத்தம் எடுத்த அடுத்த நிமிடமே முதல் மாத்திரை போகலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் ரத்தம், அப்புறம் மருந்து. மருந்து ஆரம்பித்துவிட்டால் கிருமியின் எண்ணிக்கை சரிந்துவிடும், பி.சி.ஆரிலும் பிடிபடாமல் போகலாம். பணம் இப்போது இல்லை என்றாலும் ஒரு மில்லி ரத்தத்தை ஊதா மூடி டியூபில் எடுத்து, பெயரும் தேதியும் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். அடுத்த சில நாளில் பூனை தேறவில்லை என்றால் அந்த டியூப் உங்களிடம் இருக்கும்.

"தேறினால் அதுதான் நோய்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டாக்ஸிசைக்ளின் எர்லிக்கியா, அனபிளாஸ்மா மாதிரி உண்ணி பரப்பும் கிருமிகளையும் அடக்கும். தெள்ளு ரத்தம் குடித்தே குட்டிப்பூனைக்கு ரத்தசோகை வரும், தெள்ளு போனதும் அதுவாகவே தேறும். மாறாக, அடியில் ஃபெலைன் லுகேமியா வைரஸ் இருந்தால் இரண்டு வாரம் தேறின மாதிரி இருந்து மறுபடி விழும். அதனால் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் வரிசை பி.சி.வி., புது ஸ்லைடு, லுகேமியா வைரஸுக்கும் எஃப்.ஐ.வி.க்கும் (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு வைரஸ்) சேர்த்துப் பார்க்கும் கிட், அப்புறம் பி.சி.ஆர். தெருப்பூனைக்கு இதில் முதல் இரண்டோடு மருந்து போடுவதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். நானும் போட்டிருக்கிறேன்.

ரிசல்ட் வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பூனையில் முக்கியமாக மூன்று இனங்கள். மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் தனியாகவே பூனையைச் சாய்த்துவிடும். ஹீமோமினூட்டம் ஆரோக்கியமான பூனைகளிலேயே சர்வ சாதாரணமாக இருக்கும், பெரும்பாலும் தனியாக ஒன்றும் செய்யாது. டுரிசென்சிஸ் 2005-ல் சுவிட்சர்லாந்துப் பூனையில் முதலில் விவரிக்கப்பட்டது. வெறுமனே "ஹீமோபிளாஸ்மா பாசிட்டிவ்" என்று அறிக்கை வந்தால் பாதி விஷயம்தான் தெரியும். எந்த இனம், எவ்வளவு அளவு என்று பிரித்துச் சொல்லும் லேபா என்று முன்கூட்டியே கேளுங்கள். பூனையின் சொந்த மரபணுவையும் கூடவே ஓட்டிப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் வரும் நெகட்டிவ், ரத்தம் வழியில் கெட்டதாலும் வந்திருக்கலாம்.

நீடாமங்கலம்_மில்

டாக்டர் சார், இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. காலையில் முதல் வேலையாக ரத்தம் எடுத்துவிடச் சொல்கிறேன். சென்னைக்கு எப்படி அனுப்புவது? அங்கே போவதற்குள் கெட்டுவிடாதா? அப்புறம், சண்டைக் காயத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்திருக்க வாய்ப்பு உண்டா என்று என் மனைவி கேட்கிறாள்.

குடமுருட்டி_கால்நடை

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, டியூப் நேராகப் படாத மாதிரி தெர்மாகோல் டப்பாவில் வையுங்கள். நேராகப் பட்டால் உறைந்து அணு உடையும். உங்கள் ஊர் வழியாக ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் போகிறதே, தெரிந்தவர் யாராவது போனால் விடிந்ததும் சென்னையில் இருக்கும். கூரியர் என்றால் சனிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க எங்காவது கிடக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே என்னென்ன டெஸ்ட் பார்க்கிறார்கள் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. கடிபட்ட இடத்தில் சீழ் கட்டிக் காய்ச்சல் வருவது கடுவன்களில் ஹீமோபிளாஸ்மாவைவிட மிகச் சாதாரணம். வாலடி, கால், கன்னம் எல்லாம் முடியை விலக்கித் தடவிப் பாருங்கள். அது ரத்தத்தில் பரவினால், ரத்தத்திலிருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் வேண்டும். முடி சிரைத்து, தோலை அறுவைக்குச் செய்வது போலச் சுத்தம் செய்து, பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைத்து எடுக்க வேண்டும். முடிந்தால் இரண்டு வெவ்வேறு ரத்தக் குழாயிலிருந்து எடுப்பது நல்லது. ஒன்றில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது கலப்படம் என்று தெரிந்துவிடும். இதுவும் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். ரத்தத்தில் கிருமி பரவிய பூனை நாய் மாதிரி எப்போதும் சூடாக, மூச்சு வாங்கிக்கொண்டு இருக்காது. உடம்பு குளிர்ந்து, நாடித்துடிப்பு மெதுவாகி, ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். காய்ச்சல் 104-லிருந்து திடீரென்று 99-க்கு இறங்கினால் குணமாகிவிட்டான் என்று நினைக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கும்பகோணம்_பூனைவீடு

ரத்தம் ஏற்ற வேண்டி வருமோ என்று பயமாக இருந்தால் இப்போதே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. பூனைக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு. இதுவரை ரத்தமே ஏற்றாத பூனைக்கும் எதிர்வகைக்கு எதிரான சத்து உடம்பில் இயற்கையாகவே இருக்கலாம். பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் போனாலே உயிர் போகும். "முதல் தடவைதானே, எதை ஏற்றினாலும் பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வகை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கொடுக்கிற பூனைக்கும் ஹீமோபிளாஸ்மா, லுகேமியா வைரஸ் பார்த்திருக்க வேண்டும், இந்தக் கிருமி ரத்தம் ஏற்றுவதில் நேராகவே பரவும்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் தொண்டையில் தள்ளிவிட்டு விட்டுவிடாதீர்கள். அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, பிறகு குழாயே சுருங்கிவிடலாம். மாத்திரை போட்ட கையோடு சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர், அல்லது உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீர் கொடுங்கள். பாலோடு வேண்டாம், மருந்து சரியாக ஏறாது. தெள்ளுக்கு நாய் மருந்தை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பூனைக்கென்று இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

நீடாமங்கலம்_மில்

அப்டேட். அன்று காலை ரத்தம் எடுத்த பிறகே மருந்து ஆரம்பித்தோம். பி.சி.வி. 15. புதிதாகப் போட்ட ஸ்லைடிலும் கிருமி தெரியவில்லை. சலைன் கலந்தும் அணுக்கள் ஒட்டியே நின்றன. நேற்று பி.சி.ஆர். வந்தது: ஹீமோஃபெலிஸ் பாசிட்டிவ், ஹீமோமினூட்டமும் பாசிட்டிவ். லுகேமியா வைரஸ் இல்லை, எஃப்.ஐ.வி. இருக்கிறது. ரத்தம் ஏற்றாமலேயே சமாளித்துவிட்டோம், இப்போது பி.சி.வி. 23. நேற்று ராத்திரி மூட்டை மேல் ஏறியிருக்கிறான்.

மில்லில் இன்னும் இரண்டு பெட்டைப் பூனைகள் இருக்கின்றன, நன்றாகத்தான் சாப்பிடுகின்றன. அவற்றுக்கும் பி.சி.ஆர். எடுக்கவா?

மயிலாடுதுறை_மாடிவீடு

ஒரு சந்தேகம். என் அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. பூனைக் கீறல் மூலமாக மனுஷருக்கு ரத்தக் கிருமி வரும் என்கிறார்களே, அது இதுதானா? எங்கள் வீட்டுக் குட்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா?

குடமுருட்டி_கால்நடை

மயிலாடுதுறைக்காரரின் கேள்விக்கு முதலில். நீங்கள் சொல்வது பார்டோனெல்லா ஹென்செலே, செவலைக்கு வந்ததிலிருந்து வேறானது. தெள்ளின் கழிவில் இருக்கும், அது பூனையின் நகத்தில் ஒட்டி, கீறல் வழியாக மனுஷர் உடம்பில் போகும். நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு நெறி கட்டிக் காய்ச்சலோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கடுமையாகலாம். பூனைக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, அதிலும் ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிகளின் ரத்தத்தில்தான் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு டெஸ்ட் எடுப்பதில் நிறையக் குழப்பம் உண்டு. ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று பட்டது என்றுதான் பொருள், இப்போது ரத்தத்தில் இருக்கிறது என்று ஆகாது. கல்ச்சரில் மெதுவாக வளரும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமி ரத்தத்தில் விட்டு விட்டு வருவதால் ஒரு நெகட்டிவை வைத்து நிம்மதியாகவும் இருக்க முடியாது. நோயில்லாத பூனைக்கு இதைத் தேட வேண்டாம் என்றாலும், உங்கள் வீட்டு நிலைமையில் கல்ச்சரும் பி.சி.ஆரும் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. குட்டியைக் கொடுத்துவிடத் தேவையில்லை. மாதம் தவறாமல் தெள்ளு மருந்து, நகம் வெட்டுவது, அம்மா குட்டியோடு கை வைத்து விளையாடாமல் இருப்பது, கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது. அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நீடாமங்கலம் தம்பி, 15-லிருந்து 23 நல்ல ஏற்றம். பெட்டைகள் இரண்டுக்கும் பி.சி.ஆர். இப்போது வேண்டாம். ஹீமோமினூட்டம் பாசிட்டிவ் என்று வந்தால் நோயில்லாத பூனைக்கு மருந்து போட வேண்டிய குழப்பம்தான் மிச்சம். ஈறைப் பாருங்கள், பி.சி.வி. ஒரு தடவை பாருங்கள், மூன்றுக்கும் சேர்த்து தெள்ளு மருந்து போடுங்கள். வைக்கோலும் பழைய சாக்கும் கிடக்கும் மூலைகளைச் சுத்தம் செய்யாவிட்டால் அங்கிருக்கும் தெள்ளு முட்டை மறுபடி பொரிக்கும்.

செவலைக்கு மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள், தேறிவிட்டான் என்று தோன்றும்போதுதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். மூன்று நான்கு வாரம் முழுசாகப் போக வேண்டும். வாரம் ஒரு பி.சி.வி. பாருங்கள். எஃப்.ஐ.வி. இருப்பதால் குணமான பிறகும் ரத்தத்தில் கொஞ்சம் கிருமி தங்கி, உடம்பு சோர்ந்த நேரத்தில் திரும்பக் கிளம்பலாம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனைப் பி.சி.வி. 30 தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சண்டை குறைந்தால் எஃப்.ஐ.வி. ஊர்ப் பூனைகளுக்குப் பரவுவதும் குறையும். அடுத்த பி.சி.வி. எண் வந்ததும் இங்கே போடுங்கள்.